பெட்டியின் மேல் எழுதிய எண்

தோட்டத் தொழிலாளியின் மகனுக்கு விளையாடுவதற்கென்று ஒரு கணினி எதற்கு? எங்கள் மலைநாட்டில் இந்தக் கேள்வியைப் படித்தவரும் கேட்கிறார்கள், படியாதவரும் கேட்கிறார்கள். பாடத்துக்குக் கணினி வேண்டும் என்றால் ஆமென்று தலையசைப்பவர்கள், விளையாட்டுக்கு என்றதும் புருவத்தை உயர்த்துகிறார்கள். கொழும்பிலோ கண்டியிலோ வசதியான வீட்டுப் பிள்ளை ஒருவன் அதே விளையாட்டை ஆடினால் அது பொழுதுபோக்கு; லயத்துப் பிள்ளை ஆடினால் அது பொழுதை வீணாக்கல். ஒரே செயலுக்கு இரண்டு பெயர் வைக்கும் இந்த அகராதியை யார் எழுதினார்கள் என்று நாம் கேட்பதில்லை.

1886இல் சிக்காகோவின் தொழிலாளர் எதற்காக வீதிக்கு வந்தனர்? எட்டு மணி நேரம் உழைப்பு, எட்டு மணி நேரம் ஓய்வு, எஞ்சிய எட்டு மணி நேரம் எங்கள் விருப்பம் என்பதே அவர்கள் கோரிக்கை. அந்த மூன்றாவது எட்டு மணி நேரத்தில் முதலாளிக்கு மட்டுமல்ல, உபதேசிகளுக்கும் பங்கில்லை. மேதின மேடையில் நாம் இதைச் சொல்லுகிறோம். லயத்துக்குள் ஒரு சிறுவன் அதைக் கேட்கும்போது மட்டும் ஏனோ தயங்குகிறோம்.

நான் கினிகத்தேனைப் பகுதியில் ஓர் இடைநிலைப் பாடசாலையில் தமிழ் கற்பிக்கிறவன். பேராதனையில் தமிழ் படித்தவன். பாடசாலையில் கணினி அறையின் திறப்பை வைத்துக்கொள்ள வேறு ஆளில்லாத காரணத்தால் அதுவும் என்னிடமே வந்து சேர்ந்தது. தொல்காப்பியம் படித்தவனுக்கும் திருப்புளிக்கும் என்ன உறவென்று சக ஆசிரியர்கள் சிரிப்பதுண்டு. ஆனால் பழுதான ஒரு பெட்டியைத் திறந்து, எது எதனோடு இணைந்து என்ன வேலை செய்கிறதென்று பார்ப்பதும் இலக்கணம் படிப்பது போன்ற காரியந்தான். பெயரும் வினையும் பொருந்தாவிட்டால் வாக்கியம் நிற்காது. அட்டையும் மின்வழங்கியும் பொருந்தாவிட்டால் கணினி நிற்காது.

2025 நவம்பர் தொடக்கத்தில் உயர்தர வகுப்பு மாணவனொருவன் என்னிடம் வந்தான். அவன் தாய் கொழுந்து பறிப்பவர். அக்காள் கட்டுநாயக்காவில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். அலுவலகமொன்றில் பாவித்துக் கழித்த கணினி ஒன்று அவனிடம் இருந்தது. அக்காள் வாங்கிக் கொடுத்தது. அதற்கு ஒரு கிராபிக்ஸ் அட்டை போட வேண்டும். தாயின் சீட்டுப் பணமும் அக்காளின் போனஸுமாகக் கையில் 45,000 ரூபா இருந்தது. 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்கூலி அப்போது 1,350 ரூபாவாக இருந்தது. வகுத்துப் பாருங்கள்: 33 நாள் மலையேறி இறங்கிய உழைப்பு அது. அதுவும் ஒரு நாள் கூடப் பெயர் விடுபடாமல், உண்ணாமல், உடுக்காமல் சேர்த்தால்!

இவ்வளவு பெரிய தொகையை ஒரு கையகல அட்டையில் போடுவதென்றால், அந்த அட்டை என்ன செய்கிறதென்று தெரிய வேண்டாமா? கணினியின் மூளை எனப்படும் செயலி, கணக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து முடிக்கும் ஒரு கெட்டிக்காரன். கிராபிக்ஸ் அட்டையோ நூற்றுக்கணக்கான சிறு கணக்குப்பிள்ளைகளை ஒரே நேரத்தில் உட்கார வைத்து, திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் கணிக்கச் செய்யும் கூட்டுப் பட்டறை. அந்தப் பட்டறைக்கு மின்சாரம் வேண்டும். சுவரிலிருந்து வரும் 230 வோல்ற்று ஆடலோட்ட மின்சாரத்தை 12 வோல்ற்று நேரோட்டமாக மாற்றிக் கொடுப்பது மின்வழங்கி. பையன்கள் பவர் சப்ளை என்கிறார்களே, அது. எல்லோருடைய கண்ணும் அட்டையின் மேல் இருக்கும். அடியில் கிடக்கும் அந்தத் தகரப் பெட்டியை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. உலகத்தில் எல்லாச் சுமைதாங்கிகளுக்கும் கிடைக்கிற மரியாதை அதற்கும் கிடைக்கிறது.

பக்கத்து நகரமொன்றின் கடைக்காரர் அவனுக்கு ஒரு கணக்கு எழுதிக் கொடுத்திருந்தார். பாவித்த ஆர்.எக்ஸ். 580 அட்டை 27,000 ரூபா. 500 வாற்று மின்வழங்கி 6,500 ரூபா. இணைப்பு வயர் 1,500 ரூபா. ஆக 35,000. மிச்சம் 10,000 கையில்! பையனின் முகத்தில் தீபாவளி தெரிந்தது.

நான் அந்த மின்வழங்கியின் பக்கத்தில் ஒட்டியிருந்த சீட்டைப் படமெடுத்து வரச் சொன்னேன். மறுநாள் கொண்டுவந்தான். மேலே பெரிய எழுத்தில் 500 என்றிருந்தது. கீழே சிறிய எழுத்தில், 12 வோல்ற்று வரிக்கு நேரே, 14 அம்பியர் என்றிருந்தது.

"தம்பி, வோல்ற்றையும் அம்பியரையும் பெருக்கினால் என்ன வரும்?"

அவன் மனக்கணக்கில் பெருக்கினான். "168 வாட்ஸ் சேர்." சற்று நேரம் பேசாமல் நின்றான். பிறகு, "அப்ப அந்த ஐந்நூறு எங்க போச்சு சேர்?" என்றான்.

நல்ல கேள்வி! செயலியும் கிராபிக்ஸ் அட்டையும் தம் பசியைப் பெரும்பாலும் 12 வோல்ற்றில்தான் தீர்த்துக்கொள்கின்றன. ஆர்.எக்ஸ். 580 ஒன்றுக்கே 185 வாற்று வேண்டும். அவனுடைய செயலிக்கு 84. இரண்டும் சேர்ந்து 269. கொடுக்கக்கூடியதோ 168. மற்ற வோல்ற்று வரிகளில் எவருக்கும் தேவைப்படாத அம்பியர்களைக் கூட்டியும், ஒரு கணம் மட்டுமே தாங்கக்கூடிய உச்ச அளவைச் சேர்த்தும், ஐந்நூறு என்று பெட்டியின் மேல் எழுதிவிடலாம். சுமை ஏறியதும் இத்தகைய பெட்டி தானாக அணைந்து போனால் அதிர்ஷ்டம். பாதுகாப்புச் சுற்றுகளை மிச்சம்பிடித்துச் செய்த பெட்டியாக இருந்தால், தான் சாகும்போது தன்னோடு அட்டையையும் தாய்ப்பலகையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

மாலையில் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் தாயிடம் இந்தக் கணக்கைச் சொன்னபோது அவர் சிறிதும் வியப்படையவில்லை.

"இதென்னாங்க சேர் புதுசா? நாங்க பறிக்கிறது ஒரு நிறை. செக்ரோல்ல விழுறது ஒரு நிறை. கூடைக்கு இம்புட்டு, ஈரத்துக்கு இம்புட்டுன்னு கழிச்சிட்டுத்தானே எழுதுறாங்க" என்றார்.

பௌதிகவியல் பாடநூல் ஒரு பக்கத்தில் சொல்ல முயல்வதை அவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். எழுதிய எண் வேறு, கைக்கு வந்து சேரும் எண் வேறு. இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் அறிவு நம் மக்களிடம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. அதை அளக்கும் கருவிதான் அவர்கள் கையில் கொடுக்கப்படவில்லை.

நம்பத்தக்க மின்வழங்கியை எப்படித் தெரிந்தெடுப்பது? மேலட்டையின் வாற்றை விட்டுவிட்டு, 12 வோல்ற்று வரியின் அம்பியரைப் பெருக்கிப் பார்க்க வேண்டும். '80 பிளஸ்' என்னும் சான்று உண்டா என்று பார்க்க வேண்டும். அதன் அடிப்படைத் தரத்தில், சுவரிலிருந்து இழுக்கும் 100 வாற்றில் குறைந்தது 80 வாற்றாவது கணினியைச் சேர வேண்டும், எஞ்சியதே வெப்பமாகக் கழியலாம். மிகைமின்னோட்டம், மிகைவோல்ற்று, குறுஞ்சுற்று ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு உண்டா என்று கேட்க வேண்டும். அலுவலகத்துக்கென்று செய்யப்பட்ட கணினிகள் சிலவற்றில் தாய்ப்பலகையின் மின்னிணைப்பு வேறு வடிவமானது. பொதுச் சந்தையில் விற்கும் மின்வழங்கி நேராகப் பொருந்தாது. இவை அனைத்தும் பொருந்திய 550 வாற்று மின்வழங்கியின் விலை விசாரித்தோம்: 19,000 ரூபா. அதை ஆர்.எக்ஸ். 580 உடனும் இணைப்பு வயருடனும் சேர்த்தால் 47,500. பையிலிருப்பதோ 45,000.

இந்த விலைகள் எங்கிருந்து வருகின்றன? 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்தது. அதே ஆண்டு மே மாதத்தில் 360ஐத் தொட்டது. கணினி உறுப்புகள் யாவும் டொலரில் வருபவை. தோட்டத்துக் கூலியோ ரூபாவில் வருவது. நாட்டின் கடன் கணக்கு யாரோ எழுதியது. அதன் வட்டியை இந்தச் சிறுவனின் அட்டையும் கட்டுகிறது. அட்டையின் பயணத்தையும் பாருங்கள். மின்னணுப் பொருள்களுக்கு வேண்டிய தந்தாலம் என்னும் உலோகத்தின் தாதுவைக் கொங்கோவின் கிழக்கே மனிதர் கையால் தோண்டுகிறார்கள். தைவானில் சிலிக்கன் சில்லு வார்க்கிறார்கள். அப்படி உருவான அட்டைகளில் பெருந்தொகையானவற்றை வாங்கி, எதீரியம் என்னும் எண்மக் காசைத் 'தோண்ட' இரவுபகலாக ஓடவிட்டார்கள். 2022 செப்டெம்பர் 15ஆம் திகதி எதீரியம் அந்த முறையைக் கைவிட்டது. ஓடிக் களைத்த அட்டைகள் உலகமெங்கும் பழைய பொருட்சந்தையில் வந்து குவிந்தன. ஆர்.எக்ஸ். 580 அந்தத் தோண்டலில் பெயர்போன அட்டை. நம் கைக்கு வருவது எத்தனை ஆயிரம் மணி நேரம் உழைத்து ஓய்ந்ததென்று எந்தச் சீட்டிலும் எழுதியிருக்காது.

இனி மற்ற வழியைப் பார்த்தோம். தாய்ப்பலகையில் அட்டை செருகும் பள்ளமே 75 வாற்று வரை கொடுக்கும். அந்த 75க்குள் வாழும் அட்டைகளுக்குத் தனி மின்வயர் தேவையில்லை. அவனுடைய கணினியின் சொந்த மின்வழங்கி 290 வாற்று. பழையது, ஆனால் உண்மை பேசுவது. செயலிக்கு 84, அட்டைக்கு 75, மற்ற உறுப்புகளுக்கு 50 என்று தாராளமாகப் போட்டாலும் 210ஐ ஒட்டியே வரும். புதிய மின்வழங்கியே வேண்டாம்!

இந்த வகையில் இரண்டு அட்டைகள் கைக்கெட்டும் விலையில் இருந்தன. ஒன்று 2016இல் வந்த ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ.; மற்றது 2019இல் வந்த ஜி.டி.எக்ஸ். 1650. முன்னதன் விலை குறைவு. ஆனால் அந்தத் தலைமுறை அட்டைகளுக்கான வழக்கமான இயக்கி மென்பொருள்களை என்விடியா நிறுவனம் 2025 ஒக்டோபருடன் நிறுத்திவிட்டது; பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே இனி வரும். இரும்பு தேயுமுன்பே பொருளைப் பழசாக்கும் வித்தை இது. ஆகவே 1650. அதிலும் தனி மின்வயர் கேட்கும் மாதிரிகள் உண்டு; அது இல்லாத மாதிரியாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

ஆனால் ஓர் உண்மையை மறைக்கலாகாது. விளையாட்டின் வேகத்தில் ஆர்.எக்ஸ். 580 இதனை வெல்லும். அதற்கு 8 கிகாபைற்று நினைவகம், 1650க்கு 4. பையனுக்கு இது தெரியும். நண்பர்கள் மத்தியில் அந்தப் பெயருக்கு ஒரு மதிப்பும் இருந்தது. நான் தீர்ப்புச் சொல்லவில்லை. அவன் என்னென்ன செய்ய விரும்புகிறான் என்று மட்டும் கேட்டேன். கார் ஓட்டும் விளையாட்டைச் சொன்னான், பந்து விளையாட்டைச் சொன்னான், பிறகு தயங்கியபடி, "பிளெண்டர்ல வீடு, மலையெல்லாம் செஞ்சி பாக்கிறேன் சேர், ஒரு படம் முடிய ஒரு ராத்திரி எடுக்குது" என்றான்.

பிளெண்டரின் கதை நம் வாசகர்கள் அறியவேண்டிய கதை. முப்பரிமாண ஓவியமும் அசையும் படமும் செய்யும் அந்த மென்பொருள் முதலில் ஒரு வணிக நிறுவனத்தின் சொத்தாக இருந்தது. நிறுவனம் முடங்கியபோது, 2002இல், அதைப் பயன்படுத்தியோர் உலகெங்கிலுமிருந்து சிறுகச் சிறுகப் பணம் அனுப்பி, 100,000 யூரோ திரட்டி, ஏழே வாரத்தில் அதனை விலை கொடுத்து மீட்டுப் பொதுச் சொத்தாக்கினர். அன்றுமுதல் அது எவருக்கும் இலவசம். லத்வியா என்னும் சிறு நாட்டின் இளைஞர் கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் தம் குழுவினருடன் அதைக்கொண்டு செய்த 'ஃபுளோ' என்னும் படம், பெருநிறுவனங்களின் படங்களைத் தள்ளிவிட்டு 2025இல் ஒஸ்கார் பரிசு பெற்றது. விளையாட்டுக்கென்று வாங்கும் அதே அட்டைதான் இந்த வேலைக்கும் வேண்டியது. விளையாடுகிறவனுக்கும் படைக்கிறவனுக்கும் இடையே சுவரில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இங்கேதான் தராசு சாய்ந்தது. 2021 டிசெம்பரில் வெளியான பிளெண்டர் 3.0 பதிப்பிலிருந்து, படத்தை முடித்தெடுக்கும் 'சைக்கிள்ஸ்' என்னும் வேலைக்கு ஆர்.எக்ஸ். 580 போன்ற பழைய ஏ.எம்.டி. அட்டைகளை அது பயன்படுத்துவதில்லை. சுமை முழுவதும் செயலியின் தலையில் விழும். 1650ஐப் பயன்படுத்தும். பையன் மின்கட்டணத்தையும் கணக்கிட்டான். 185க்கும் 75க்கும் இடையே 110 வாற்று. நாளுக்கு மூன்று மணி நேரம், 30 நாள்: ஏறத்தாழ 10 அலகு. மாதம் 60 அலகைத் தாண்டினால் கட்டண வீதமே மாறிவிடும் நாட்டில் அந்தப் பத்து அலகு அற்பமன்று. "1650 எடுப்போம் சேர்" என்று அவனே சொன்னான்.

பேச்சு முடிந்ததென்று எழுந்தேன். அப்போது அவன் தாய், "சேர், அந்தப் பெட்டியத் தொட்டா சில நேரம் சுள்ளுங்குது" என்றார்.

அந்தச் சொல்லில் என் நெஞ்சு திக்கென்றது. கணினி இருந்த இடம் லயக் காம்பராவின் இஸ்தோப்பை அடைத்துப் பிந்திக் கட்டிய பகுதி. உள்ளிருந்து ஒரு மெல்லிய வயர் இழுத்து இரண்டு துளைப் பிளக்கில் முடித்திருந்தார்கள். நிலத்தொடுப்பு, எர்த் என்று சொல்கிறோமே, அது இல்லை. கணினி மின்வழங்கியின் உள்ளே இரைச்சலை வடிக்கும் சிறு கொள்ளளவிகள் உண்டு. அவை மிகச் சிறிய மின்னோட்டமொன்றை உலோகக் கூட்டுக்குள் விடும். நிலத்தொடுப்பு இருந்தால் அது பூமிக்குப் போய்விடும். இல்லாவிட்டால் தொடுகிறவர் உடல் வழியாகப் போகும். அந்தச் சுள்ளென்ற உணர்வு ஆளைக் கொல்லாது. ஆனால் மின்வழங்கி பழுதாகி முழு 230 வோல்ற்றும் கூட்டுக்கு வரும் நாளில், தடுக்க அங்கே எதுவுமில்லை. ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும் பிரதேசம் எங்களுடையது. ஈரத் தரை, ஈரக் கால். இடி மின்னல் மாதங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் மலையில் மின்சாரத்தின் கதையே இப்படித்தான். 1918இல் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர இந்த மலைகளின் நீரிலிருந்து நாட்டுக்கே மின்சாரம் எடுக்கலாமென்று கணக்கெழுதிக் காட்டினார். 1948இல் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இம்மலையில் உழைத்த மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1950இல், அதே மலையில், லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் தேக்கப்பட்டன. பழைய மஸ்கெலியா நகரம் மவுசாகலை நீர்த்தேக்கத்தின் கீழ் மூழ்கியது. தேயிலைத் தொழிற்சாலைகள் பல, வெள்ளைத்துரைகளின் காலத்திலேயே சிற்றாறுகளில் சுழலி வைத்துச் சொந்தமாக மின்சாரம் எடுத்தன. தொழிற்சாலையில் விளக்கெரிந்தது, ஒரு கூப்பிடு தொலைவிலிருந்த லயத்தில் குப்பி விளக்குப் புகைந்தது. எங்கள் லயத்துக்கு மின்சாரம் வந்தபோது நான் ஆறாம் தரத்தில் படித்துக்கொண்டிருந்தேன். வயர் வந்தது, முறையான நிலத்தொடுப்பு இன்னும் எத்தனையோ காம்பராக்களுக்கு வந்து சேரவில்லை.

ஆகவே பணத்தை இவ்வாறு பங்கிட்டோம். பாவித்த 1650 அட்டை, ஆறு மாதப் பொறுப்புறுதியுடன், 32,000 ரூபா. அனுமதிப்பத்திரம் பெற்ற மின்னிணைப்பாளர் ஒருவர் வந்து, செப்புக் கோல் இறக்கி, நிலத்தொடுப்புடன் புதிய வயர் இழுத்து, 13 அம்பியர் மூன்று துளைப் பிளக்கும் அந்த வரிக்கு ட்ரிப் சுவிட்சும் பொருத்த 9,000 ரூபா. எஞ்சிய 4,000 ரூபா தாயின் கையில். கணினியில் எந்த எண்ணையும் உயர்த்தாத அந்த 9,000 ரூபாவைப் பையன் முதலில் சற்று வருத்தத்தோடுதான் எண்ணிக் கொடுத்தான். வேலை முடிந்ததும் தாய் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பெட்டியை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "இப்ப ஒன்னுமில்ல" என்றார். பக்கத்துக் காம்பராவிலிருந்து இருவர் வந்து, தங்கள் வீட்டுக்கும் இதைப் போட எவ்வளவு ஆகுமென்று மின்னிணைப்பாளரைக் கேட்டார்கள்.

பையன் கார் ஓட்டுகிறான், பந்து விளையாடுகிறான், பரீட்சை நெருங்கும்போது தாயிடம் ஏச்சும் வாங்குகிறான். இடையிடையே பிளெண்டரில் ஒரு கோயிலைக் கட்டி வருகிறான். மவுசாகலையில் நீர் வற்றும் காலங்களில் பழைய மஸ்கெலியாவின் கோயில் சேற்றிலிருந்து தலைகாட்டுமே, அந்தக் கோயில். முன்பு ஓர் இரவு பிடித்த படம் இப்போது அவன் தேநீர் குடித்து முடிப்பதற்குள் வந்துவிடுகிறது. தண்ணீரின் நிறந்தான் இன்னும் சரியாக வரவில்லை என்று குறைப்படுகிறான்.

ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே! இந்தச் சிறுவனின் விளையாட்டுக்கு நாம் அனுமதி வழங்க வேண்டியதில்லை. அது அவன் உரிமை. நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. பெரிய எழுத்தின் கீழ் ஒளிந்திருக்கும் சிறிய எழுத்தை வாசிக்க அவனோடு உட்காரலாம். பன்னிரண்டையும் பதினான்கையும் பெருக்கத் தெரிந்த பிள்ளை, நாளை சம்பளச் சீட்டையும் கழிவுக் கணக்கையும் அதே கண்ணால் பார்ப்பான். அதுமட்டும் போதாது. லயங்களின் மின்னிணைப்பைச் சோதித்துச் செப்பனிடுவதும், ஒவ்வொரு காம்பராவுக்கும் நிலத்தொடுப்புக் கொடுப்பதும் தோட்ட நிர்வாகத்தினதும் அரசினதும் கடமை. அந்தக் கோரிக்கையைத் தொழிற்சங்கங்கள் சம்பளக் கோரிக்கைக்கு அடுத்த வரியில் எழுத வேண்டும். ஒரு தாயின் சீட்டுப் பணத்திலிருந்து 9,000 ரூபா எடுத்துச் செய்யவேண்டிய வேலையன்று அது.